துட்டு: ஆச்சி வாயில ஒரு ஹாலந்து காசு

போன வாரம் ஆபீஸ் லஞ்ச்ல பில்லைப் பிரிச்சோம். "என் பங்குத் துட்டை ஜிபேல போட்டுட்டேன்"னு சொன்னேன். பக்கத்துல இருந்த சென்னைப் பொண்ணு சிரிச்சுட்டா. "என்னடா, ரவுடி மாதிரி பேசற?" நானும் உடனே "அமவுன்ட்"னு மாத்திக்கிட்டேன். அப்படி மாத்தினதுதான் இன்னும் உறுத்துது. ஏன்னா பசுவந்தனையில நான் கிளம்பும்போதெல்லாம் எங்க ஆச்சி வாசல்ல நின்னு கேக்கறது இதான்: "எய்யா, பஸ்ஸுக்குத் துட்டு இருக்கா?" அதுல என்ன ரவுடித்தனம்? கோவில்பட்டி, தூத்துக்குடி பக்கம் துட்டுன்னா பணம், அவ்ளோதான்.

இந்தச் சொல்லோட கதை கடலுக்கு அந்தப் பக்கம் போகுது. ஹாலந்துல 'டொய்ட்'னு ஒரு செப்புக்காசு இருந்துச்சு. எட்டு டொய்ட் சேர்ந்தா ஒரு ஸ்டைவர், 20 ஸ்டைவர் சேர்ந்தா ஒரு கில்டர். அதாவது ஒரு கில்டருக்கு 160 டொய்ட். சில்லறையிலும் சில்லறை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1658-ல தூத்துக்குடியைப் போர்த்துகீசியர்கிட்ட இருந்து பிடிச்சுது. முத்து, சங்கு, உள்நாட்டுத் தறித் துணி இதெல்லாம்தான் வியாபாரம். நடுவுல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சதும் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. கடைசியா 1825-ல ஊர் மொத்தமா பிரிட்டிஷ் கைக்குப் போயிடுச்சு.

1726-லருந்து கம்பெனி தன் காசுல ஒரு லோகோ போட்டுச்சு. மூணு எழுத்து, ஒண்ணுமேல ஒண்ணு: வி, ஓ, சி. ஆமா, அதே வி.ஓ.சி. எங்க தாலுகாவான ஓட்டப்பிடாரத்துல 1872-ல பிறந்து, 1906-ல தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவரோட இனிஷியலும் அதான். சும்மா தற்செயல்தான், ஆனா சொல்லாம இருக்க முடியல.

இதுக்கு ஒரு மறுப்பு இருக்கு. கன்னடத்துலயும் தெலுங்குலயும் இதே சொல் இருக்கே, பெங்களூர்ல டச்சுக்காரன் எங்க இருந்தான்? நியாயமான கேள்வி. ஆனா காசு கோட்டைக்குள்ளயே உக்காந்திருக்காது, வியாபாரி மடியில ஏறி எங்க வேணா போகும். நான் டச்சுப் பக்கம் நிக்கறதுக்குக் காரணம் இந்தோனேசியாவும் மலேசியாவும். அங்க இன்னைக்கும் தெருப்பேச்சுல பணத்துக்கு 'டூயிட்'னுதான் பேரு. அதே காசு, அதே கம்பெனி. அங்கயும் ஒரு சின்னக் காசோட பேரு மொத்தப் பணத்துக்கும் பேராயிடுச்சு. ஏன் தங்கத்தோட பேரு நிக்கல? கூலிக்காரன் கையில தங்கம் எப்ப வந்துச்சு? அவன் பாத்தது செம்புதான்.

1957 ஏப்ரல் 1-ல தசம நாணயம் வந்ததும் அணாவுக்கு வேலை போச்சு. ரூபாய்க்கு 16-ன்னு அதுக்கு ஒரு மதிப்பு கட்டியிருந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா அணா ஒரு கான்ஸ்டன்ட், துட்டு அதுக்குள்ள வேரியபிள் ஆயிடுச்சு. நயா பைசாவும் துட்டு, நோட்டும் துட்டு.

ஜிபே மட்டும் இன்னும் ஆச்சிக்குச் சரியா வரல. போன தடவை என் மொபைலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாங்க: "இதுக்குள்ள துட்டு எங்கய்யா கெடக்கு?"