உரோமை வெண்கல எழுத்துக் கல்வெட்டுகள்

உரோமை வெண்கல எழுத்துக் கல்வெட்டுகள் என்பவை, தனித்தனியாகச் செய்த உலோக எழுத்துகளைக் கட்டடங்களின் கல் முகப்பில் பொருத்தி உருவாக்கப்பட்ட அறிவிப்புகள் ஆகும். எழுத்துகளைத் தாங்கிய முளைகள் அவற்றின் பின்புறத்தில் இருந்ததால் வெளியே தெரியாது. பொன்முலாம் பூசப்பட்டவை 'பொன் எழுத்துகள்' எனப்பட்டன. பேரரசர் அகஸ்டசின் காலம் முதல் கோயில்கள், வெற்றி வளைவுகள், அரங்குகள் ஆகியவற்றில் இம்முறை பரவலானது. எழுத்துகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. முளைகள் இறங்கிய துளைகள் எஞ்சியுள்ளன. அத்துளைகளைக் கொண்டே சில முக்கியமான உரோமைக் கட்டடங்களின் வரலாறு மீட்கப்பட்டுள்ளது.

பொருத்தும் முறை

எழுத்துகள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன அல்லது தகட்டில் இருந்து வெட்டப்பட்டன. ஒவ்வோர் எழுத்தின் பின்புறத்திலும் ஒன்று முதல் சில முளைகள் வரை இருந்தன. முளை வரவேண்டிய இடத்தில் கல்லில் துளையிட்டு, முளையை உள்ளே செலுத்தி, ஈயத்தால் இறுக்கினர். ஈயம் குறைந்த வெப்பத்தில் உருகும். இறுகிய பிறகும் மென்மையாக இருப்பதால், வெயிலிலும் குளிரிலும் உலோகம் விரிந்து சுருங்குவதைத் தாங்கிக் கொள்ளும்.

இதில் இரு வகைகள் இருந்தன. முதல் வகையில், எழுத்தின் வடிவத்திலேயே கல்லில் பள்ளம் செதுக்கி, அதனுள் உலோக எழுத்தைப் பதித்தனர். எழுத்து போனாலும் பள்ளத்தைப் பார்த்துப் படித்துவிடலாம். உரோமையில் உள்ள கான்ஸ்டன்டைன் வளைவு இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் வகையில், பள்ளம் ஏதும் இன்றிக் கல்லின் சமதளத்தின் மேல் எழுத்தை நிறுத்தினர். கல்வெட்டு என்று அழைத்தாலும் இதில் கல்லில் எதுவும் எழுதப்படவில்லை. எழுத்து போய்விட்டால் மிஞ்சுவது துளைகள் மட்டுமே.

எழுத்துகள் மறைந்த விதம்

வெண்கலம் உருக்கி மீண்டும் பயன்படுத்தக்கூடிய விலையுயர்ந்த உலோகம். பேரரசு நலிந்த பின்னர் இவ்வெழுத்துகளைப் பாதுகாக்க எவரும் இல்லை. அவை பெயர்த்து எடுக்கப்பட்டன. ஈயத்துக்கும் விலை உண்டு என்பதால் அதையும் தோண்டி எடுத்தனர். துளைகளை மட்டும் எவராலும் எடுத்துச் செல்ல முடியவில்லை.

நீம் நகரக் கோயில்

பிரான்சின் தெற்கே நீம் நகரில் உள்ள மேசோன் காரே, மிக நன்றாக எஞ்சியுள்ள உரோமைக் கோயில்களுள் ஒன்று. 2023 இல் இது யுனெசுக்கோ உலக மரபுச் சின்னமானது. இதன் முகப்பில் துளைகள் மட்டுமே இருந்ததால், இது யாருக்காகக் கட்டப்பட்டது என்பது நூற்றாண்டுகளாகப் புதிராக இருந்தது. நீமில் பிறந்த தாவரவியலாளரும் தொல்பொருள் அறிஞருமான ஜான் பிரான்சுவா செகியே (1703–1784), 1758 இல் அத்துளைகளைப் படியெடுத்து ஆராய்ந்தார். ஓர் எழுத்தின் கோடுகள் எங்கு தொடங்கி எங்கு முடிகின்றனவோ அவற்றை ஒட்டியே முளைகள் அமையும். எனவே துளைகளின் இடைவெளியை இலத்தீன் எழுத்துகளோடு ஒப்பிட்டு அவர் வாசகத்தைக் கூட்டினார்.

அவரது வாசிப்பின்படி, கோயில் அகஸ்டசின் பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான கையஸ், லூசியஸ் ஆகிய இருவருக்கு உரியது. வாசகம் கையசைக் கான்சல் என்றும் லூசியசை அப்பதவிக்குத் தெரிவானவர் என்றும் குறிப்பிடுகிறது. கையஸ் கி.பி. 1 இல் கான்சலானார். லூசியஸ் கி.பி. 2 இலும் கையஸ் கி.பி. 4 இலும் இளம் வயதிலேயே இறந்தனர். இவ்வாறு கோயிலின் காலம் ஒரு சில ஆண்டுகளுக்குள் வரையறுக்கப்பட்டது.

அழிக்கப்பட்ட பெயர்

உரோமை மன்றத்தில் உள்ள செப்டிமியஸ் செவரஸ் வளைவு கி.பி. 203 இல், பேரரசரையும் அவருடைய மகன்கள் காரகல்லா, கெட்டா ஆகியோரையும் போற்றி எழுப்பப்பட்டது. கி.பி. 211 இல் செவரஸ் இறந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே காரகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொல்வித்தார். அதன்பின் கெட்டாவின் பெயரையும் உருவத்தையும் பேரரசு முழுவதும் நீக்க ஆணையிடப்பட்டது. வளைவின் வாசகத்தில் நான்காம் வரியில் இருந்த அவர் பெயர் பெயர்க்கப்பட்டு, கல்லின் மேற்பரப்பு செதுக்கப்பட்டு, தந்தையையும் அண்ணனையும் புகழும் அடைமொழிகள் அங்கே பொருத்தப்பட்டன.

ஆனால் பழைய முளைத் துளைகள், செதுக்கிய ஆழத்தையும் தாண்டிக் கல்லுக்குள் இறங்கியிருந்தன. புதிய எழுத்துகளோடு பொருந்தாத அத்துளைகளில் இருந்து கெட்டாவின் பெயரை ஆய்வாளர்கள் மீட்டனர். கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று அமைத்த பகுதியே, அரசாணையால் அழிக்க முடியாத சான்றாயிற்று.

கொலோசியம்

கொலோசியத்தில் கிடைத்த ஒரு பளிங்குக் கல்லில், 5 ஆம் நூற்றாண்டில் நடந்த பழுதுபார்ப்பு பற்றிய வாசகம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் எழுத்துகளுக்கு ஊடே, அவற்றோடு தொடர்பில்லாத துளைகள் உள்ளன. கல்வெட்டியல் அறிஞர் கேசா அல்பெல்டி (1935–2011) 1995 இல் வெளியிட்ட ஆய்வில், அத்துளைகளில் இருந்து இன்னும் பழைய வாசகம் ஒன்றை மீட்டமைத்தார். வெஸ்பாசியன் இப்புதிய அரங்கைப் போர்க் கொள்ளைப் பொருளைக் கொண்டு கட்டுவித்தார் என்பது அதன் பொருள். அக்கொள்ளை, கி.பி. 70 இல் எருசலேம் வீழ்ந்த யூதப் போரில் கிடைத்தது எனக் கருதப்படுகிறது. பின்னர் வெஸ்பாசியனின் மகன் டைட்டசைக் குறிக்க ஓர் எழுத்து இடையில் நுழைக்கப்பட்டது என்றும் அல்பெல்டி கருதினார்.

வாசிப்பின் வரம்புகள்

துளைகளை வாசிப்பது எப்போதும் உறுதியான முடிவைத் தருவதில்லை. ஒரே அமைப்பில் உள்ள துளைகள் வெவ்வேறு எழுத்துகளுக்குப் பொருந்தலாம். ஒரே எழுத்தைக் கைவினைஞர் வெவ்வேறு இடங்களில் முளை வைத்தும் செய்திருக்கலாம். பிரான்சின் ஒராஞ்ச் நகர வளைவில் உள்ள துளைகளைப் பேரரசர் டைபீரியசின் பெயராக வாசித்ததை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. எசுப்பானியாவின் செகோவியா நீர்ப்பாலத்தின் துளைகளில் இருந்து அல்பெல்டி கி.பி. 98 என்ற ஆண்டைப் பெற்றார். பின்னர் வெளியான அகழாய்வுச் சான்றுகளோ அதற்குச் சற்றுப் பிந்தைய காலத்தைக் காட்டுகின்றன. ஆகவே துளை வாசிப்பு பிற சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்கப்படுகிறது.

இக்காலத் தொடர்ச்சி

இன்றைய பெயர்ப் பலகைகளில் உள்ள புடைப்பு எழுத்துகளும் இதே முறையில்தான் நிற்கின்றன. எழுத்தின் பின்புறம் மரையிட்ட சிறு கம்பிகள் பொருத்தப்படுகின்றன. முழு அளவில் வரைந்த காகிதத்தைச் சுவரில் ஒட்டித் துளைகளின் இடம் குறிக்கப்படுகிறது. ஈயத்துக்குப் பதிலாகப் பசை நிரப்பப்படுகிறது. எழுத்துகளை அகற்றிய சுவரில், இன்றும் முதலில் எஞ்சுவது துளைகளின் வரிசையே.