சிங்கப்பூரின் அடுக்கு மாடிகள்: நேற்றும் நாளையும்

அரபு மொழியில் வீட்டுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘மஸ்கன்’. அலைச்சல் ஓய்ந்து அமைதி கொள்ளுதல் என்னும் பொருள் தரும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. சுவரும் கூரையும் மட்டும் போதா. நாளையும் இங்கேதான் வாழ்வோம் என்னும் உறுதியும் சேர்ந்தால்தான் மஸ்கன். சிங்கப்பூர் தன் மக்களை மாடிகளில் குடியேற்றிய வரலாற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

ஆங்கிலேயர் 1927-இல் அமைத்த நகர மேம்பாட்டு நிறுவனம் தன் 32 ஆண்டுக் காலத்தில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. மக்கள் பெருக்கத்திற்கு அவை ஈடாகவில்லை. கடைவீடுகளின் மாடிகளில் பலகைத் தடுப்புகளுக்குள் குடும்பங்கள் ஒண்டியிருந்தன. நகர விளிம்பில் அத்தாப்புக் கூரைக் கம்பங்கள் நெருங்கி நின்றன. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். மறு ஆண்டு மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. எரிந்த நிலத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளில் கழகம் கட்டியவை 50,000-ஐத் தாண்டின.

இவ்விரைவுக்கு அடிப்படை இரண்டு. குறைந்த ஈட்டுத் தொகையில் நிலத்தை எடுக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. 1964-இல் தொடங்கிய சொந்த வீட்டுத் திட்டத்தில், தொழிலாளர் தம் மத்திய சேம நிதியைக் கொண்டே வீடு வாங்க 1968-இல் வழி பிறந்தது. இன்று குடிமக்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் கழக வீடுகளில் வாழ்கின்றனர்.

எனினும் இடம்பெயர்வில் இழப்பும் இருந்தது. பழைய குடியிருப்புகள் கலைந்தபோது அக்கம்பக்கமும் கலைந்தது. கடையநல்லூரிலிருந்து சென்று தஞ்சோங் பகாரில் ஒன்றாக வாழ்ந்த குடும்பங்களும் பல திசைகளில் பிரிந்தன. புதிய நகரங்களில் பள்ளிவாசல் எழுப்ப 1975-இல் ஒரு நிதி தொடங்கிற்று. முஸ்லிம் தொழிலாளரின் மாதச் சம்பளத்திலிருந்து 50 காசு பிடிக்கப்பட்டது. அந்நிதியின் முதற்கனியாகத் தோ பாயோவில் 1977-இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு ‘முஹாஜிரீன்’ என்று பெயரிட்டனர். ஊர் பெயர்ந்தோர் என்பது அதன் பொருள். எத்துணைப் பொருத்தம்! மாடிகளின் திறந்த கீழ்த்தளமோ நிக்காஹ் விருந்துக்கும் இழவு வீட்டுக்கும் எல்லா இனத்தார்க்கும் பொதுவாயிற்று.

இனி எதிர்காலம். கழக வீடு 99 ஆண்டுக் குத்தகை. தவணை முடிந்தால் அரசைச் சேரும். கேலாங் லோரோங் 3-இல் 60 ஆண்டுக் குத்தகை பெற்ற 191 தனியார் வீடுகள் 2020 இறுதியில் ஈடின்றி அரசிடம் திரும்பின. கழக வீடுகளை இடித்து, ஈடும் மாற்று வீடும் தரும் திட்டம் 1995-இல் வந்தது. ஆயினும் அதற்கு உரியவை நூற்றில் ஐந்தளவே என்று 2018-இல் அரசு அறிவித்தது. ஏறத்தாழ 70 ஆண்டு கடந்த வீடுகளைக் குடியிருப்போரின் வாக்கெடுப்பால் முன்கூட்டியே அரசு திரும்பப் பெறும் திட்டமும் அவ்வாண்டே முன்வைக்கப்பட்டது.

1960-களில் கட்டியவற்றின் தவணை 2060-களில் தீரும். உழைப்பின் சேமிப்பு முழுவதையும் அவ்வீட்டில் இட்ட தந்தை மக்களுக்கு விட்டுச்செல்வது சொத்தா, எஞ்சிய ஆண்டுகளா? குடிசையில் கிடந்தோருக்குக் கூரை தந்த அரசின் சாதனை பெரிது. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் நிலத்தைப் பொதுவாக்கிப் பெற்ற பயன் பேரப்பிள்ளைகளுக்கும் நீதியாய்ச் சேர வேண்டும். அவ்வழி காணப்படும்போதே அம்மாடிகள் முழுப்பொருளில் மஸ்கன் ஆகும்.