சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் நமது வரலாறு



வரலாறு பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து சீகிரியாவுக்கோ பொலன்னறுவைக்கோ போக வேண்டும் என்றுதான் நமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். முசலிப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் போதும். சிலாவத்துறையிலிருந்து அரிப்புக்கு மேடு பள்ளமில்லாத பாதை. வெயில் ஏறுமுன் புறப்பட்டால் ளுஹருக்கு வீட்டில் நிற்கலாம்.

கடலோரத்தில் இடிந்து நிற்கும் செங்கல் கட்டடத்தை நாம் அல்லிராணிக் கோட்டை என்கிறோம். உண்மையில் அது பிரித்தானிய ஆளுநர் பிரட்ரிக் நோர்த் 1801 - 1804 காலத்தில் கட்டிய மாளிகை. கிரேக்கத்து டொரிக் பாணியில் அமைந்ததால் 'டொரிக்' என்ற பெயரும் உண்டு. முத்துக்குளிப்பு நாட்களில் ஆளுநர் வந்து தங்க அது கட்டப்பட்டது.

அரிப்பில் ஒரு பழைய கோட்டையும் இருக்கிறது. கண்டி மன்னனிடம் 19 வருடங்கள் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1679இல் காட்டு வழியாகத் தப்பி நடந்து வந்து சேர்ந்தது இங்கேதான். அப்போது அது ஒல்லாந்தர் கையில் இருந்தது.

ஆளுநரின் பெயரும் கைதியின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. கல்லைக் கட்டிக் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவர்களின் பெயர்கள் இல்லை. கீழக்கரையிலிருந்து முஸ்லிம்கள் வந்தார்கள், தமிழர் வந்தார்கள், அரபுநாட்டுக் குளியாளரும் வந்தார்கள். 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்றிய லெனாட் வுல்ப் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1990 ஒக்டோபரில் நாம் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முசலி என்பது உம்மா வாப்பா சொல்லும் ஊராக மட்டுமே இருந்தது. திரும்பி வந்து வீடு கட்டினோம், கிணறு இறைத்தோம். ஆனால் ஊரின் கதையைப் பிள்ளைகளிடம் இன்னும் முழுமையாகக் கொடுக்கவில்லை. டொரிக்கின் அடியைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் முத்துக்குளிப்பு நடந்ததைக் காட்ட எஞ்சியிருக்கும் சில அடையாளங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே பெற்றோர்களே, வரும் விடுமுறையில் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரோடு சைக்கிளில் அனுப்புங்கள். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். இடிந்த சுவரில் ஏற விடாதீர்கள், ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள். வீடு திரும்பியதும் மூத்தவாப்பா, மூத்தம்மாவிடம் கடல் தொழில் பற்றிக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பிகளைப் பாடசாலையில் சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.