வாழைநாரும் மட்கும் நெகிழியும்

மட்கும் நெகிழிகளில் இன்று பரவலாகப் புழங்குவது பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பி.எல்.ஏ. மக்காச்சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ கிடைக்கும் சர்க்கரையை நொதிக்க வைத்து இதற்கான மூலப்பொருளை எடுக்கிறார்கள். பி.எல்.ஏ. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆனால் வளைத்தால் ஒடியும், 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகும். சூடாக டீ ஊற்றினால் சாதாரண பி.எல்.ஏ. கோப்பை நெளிந்துபோகிறது. வேளாண் கழிவிலுள்ள செல்லுலோஸைக் கலந்து இதை வலுப்படுத்தலாம் என்பது ஆய்வுலகம் ஒப்புக்கொண்ட செய்தி. எந்தக் கழிவு, எவ்வளவு நுண்மையாக என்பதில்தான் விவாதம் தேவை. தமிழகத்துக்குப் பொருத்தமானது வாழைநார். அதையும் நானோ அளவுக்குச் சிதைக்காமல் நாராகவே கலப்பது நல்லது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நானோ செல்லுலோஸ் மீதான ஈர்ப்புக்குக் காரணம் இருக்கிறது. செல்லுலோஸ் படிகத்தின் விறைப்பு 100 கிகாபாஸ்கலைத் தாண்டும், பி.எல்.ஏ.வுக்கோ 3 முதல் 4 வரைதான். பிரான்ஸின் கிரெனோபிளில் ஃபாவியே, ஷான்சி, கவாயே ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு வழி திறந்தது. ரப்பர்த் தன்மையுள்ள பாலிமரில் சிறிதளவு செல்லுலோஸ் நுண்படிகங்களைக் கலந்ததும், இளகிய நிலையிலும் அதன் விறைப்பு பல மடங்கு உயர்ந்தது. படிகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாக நின்றதே காரணம்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அந்த வலை தொழிற்கூடத்தில் எளிதில் அமைவதில்லை. நுண்படிகம் எடுக்க வழக்கமாக 64 சதவீத கந்தக அமிலம் தேவை; பிறகு அமிலம் போகும்வரை தண்ணீரை வாரி இறைத்துக் கழுவ வேண்டும். உலர்த்தினால் படிகங்கள் கட்டி தட்டுகின்றன. செல்லுலோஸ் நீரை நாடும், பி.எல்.ஏ. நீரை ஒதுக்கும், ஆகவே உருகிய நெகிழிக்குள் அந்தக் கட்டிகள் பிரிவதில்லை, விரிசல் தொடங்கும் இடங்களாகிவிடுகின்றன. தண்ணீருக்குத் திண்டாடும் மாவட்டங்களில் இத்தகைய ஆலையைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயலாகாது.

கழிவு என்ற சொல்லையும் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். கரும்புச் சக்கையில் செல்லுலோஸ் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதற்கு ஏற்கெனவே போட்டி: சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் எரிக்கின்றன, கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்து அதில் காகிதம் செய்கிறது. தென்னை நாரில் லிக்னின் மிகுதி, செல்லுலோஸ் குறைவு. வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். போதாததற்குச் சிலிக்கா வேறு.

வாழையின் நிலை வேறு. தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் தள்ளிவிடுகிறார்கள். பூக்கட்டவும் கைவினைக்கும் போகும் நார் சொற்பம். உலர்ந்த நாரில் சுமார் 60 சதவீதம் செல்லுலோஸ். லிக்னின் குறைவென்பதால் காஸ்டிக் சோடாக் கரைசலில் லேசாக ஊறவைத்தாலே மெழுகும் பசையும் நீங்கி, நெகிழி பற்றிக்கொள்ளும்படி நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். இடர்ப்பாடு ஈரம்தான். வெட்டிய மரத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது வீண் செலவு. பட்டையை உரித்து நார் பிரிக்கும் இயந்திரம் தோட்டத்துப் பக்கமே இருக்க வேண்டும். உலர்த்துவதிலும் அலட்சியம் கூடாது: நாரில் ஈரம் தங்கினால், உருக்கும்போது அந்த நீரே பி.எல்.ஏ.வின் நீள் சங்கிலியைத் துண்டித்துவிடும்.

நார் எல்லாக் குறையையும் தீர்க்காது. விறைப்பைக் கூட்டும், வெப்பத்தில் நெளிவதைக் குறைக்கும்; ஒடியும் தன்மையைப் போக்காது, சில கலவைகளில் அதிகமாக்கவும் செய்யும். அதற்கு பி.பி.ஏ.டி. போன்ற நெகிழ்வான மட்கும் பாலிமரைச் சேர்த்தாக வேண்டும்.

மட்கும் என்ற அடைமொழிக்கும் எல்லை உண்டு. பி.எல்.ஏ. விரைவாக மட்குவது சுமார் 58 டிகிரி வெப்பமுள்ள தொழில்முறை உரக்கூடத்தில்தான்; வயலில் புதைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உள்ளே வாழைநார் இருப்பது இதை மாற்றிவிடாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிகளுக்குத் தமிழகம் விதித்த தடையை ஒட்டி மாற்றுப் பொருள் தேடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வாழைநார்க் கலவையை முதலில் சோதிக்கத் தகுந்த பொருள் நாற்றுகளுக்கான குழித்தட்டு. அதற்குத் தெளிவும் வேண்டாம், கொதிநீரைத் தாங்கும் வலுவும் வேண்டாம். சில வாரங்கள் நாற்றைத் தாங்கினால் போதும். மண்ணோடு சேர வேண்டிய பொருள் என்பதால் பி.எல்.ஏ.வை விட்டு, மண்ணிலேயே மட்கக்கூடிய பி.எச்.பி. அல்லது மாவுப்பொருள் நெகிழியில் அந்த நாரைக் கலந்து பார்ப்பது உசிதம்.