முகத்துவாரத்தின் ஆழம்

1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்த குளச்சலில் அன்று அலைத் தடுப்புச் சுவர் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும். சரக்கை வள்ளங்கள் கரை சேர்க்கும். கட்டுமரக்காரருக்குக் கரை மணலே துறைமுகம். ஆனி, ஆடிக் கடல் மணலை அரித்துச் சென்றாலும் பின்னர் திரும்பக் கொண்டுவந்து போட்டாலும், கட்டுமரத்தை ஏற்றி வைக்கும் இடம் சற்றே மாறும், அவ்வளவுதான். அந்தத் துறைகளுக்குப் பராமரிப்புச் செலவே இல்லை. 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்களும் இயந்திரங்களும் பரவி, விசைப்படகுகளும் பெருகியபோது நிலைமை மாறியது. கனத்த படகுகளுக்கு ஆழமும் அமைதியும் வேண்டியிருந்தன. குமரிக் கரையில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று சுவர்கள் எழுந்தன. கரையோரமாக நகரும் மணல் அந்தச் சுவர்களில் தடைபட்டது. கடற்கரை தானாகச் செய்துகொண்டிருந்த வேலை அன்று முதல் மனிதர் பொறுப்பாயிற்று. நாம் சுவரைக் கட்டினோம். பொறுப்பை ஏற்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

தேங்காப்பட்டணம் இதற்குச் சாட்சி. குழித்துறையாறு கடலில் சேரும் இடம் அது. முகத்துவாரத்தில் மணல் மேடிட, அலை அங்கேயே உடைந்து படகுகளைக் கவிழ்த்திருக்கிறது. மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31இல் முடிகிறது. தென்மேற்குப் பருவம் அப்போதும் ஓய்ந்திருப்பதில்லை. படகுகள் மேடிட்ட வாயில் வழியாகவே இறங்குகின்றன. உயிர் போய், ஊர் திரண்டு போராடி, அதன் பிறகு மணல் அள்ளுவதைப் பராமரிப்பு என்று ஏற்க முடியாது. ஒலியலையால் ஆழம் அளக்கும் கருவியைச் செயற்கைக்கோள் இடங்காட்டியோடு படகில் பொருத்தி மாதந்தோறும் ஓட்டினால், மேடு எங்கே, எவ்வளவு என்பது வரைபடமாகக் கிடைக்கும். சென்ற மாத வரைபடத்தோடு ஒப்பிட்டால், அதன்பின் சேர்ந்த மணலின் கன அளவும் தெரிந்துவிடும்.

நீவாடு எனும் கடல் நீரோட்டத்தைப் பார்த்தே கடலைச் சொல்லும் மூத்தவர்கள் இருக்கக் கருவி எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்கள் அறிவு பெரிது. ஆனால் அது சுவர் இல்லாத கரையில் தலைமுறைகளாகச் சேர்ந்தது. சுவர் திருப்பிவிட்ட மணலின் போக்கு அவர்களுக்கும் புதிது. மீன்பிடித் துறைமுகத்துக்கு இந்தச் செலவு தாங்காது என்ற வாதமும் நிற்காது. 1956 வரை குமரிக் கரையோடு ஒரே மாநிலத்தில் இருந்த விழிஞ்ஞத்தில் இன்று சரக்குப் பெட்டகக் கப்பல்களின் போக்குவரத்தைக் கணினி கண்காணிக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் ஆழம் அளக்கும் படகு அற்பச் செலவு. கருவி வாங்கினால் மட்டும் போதாது என்ற மூன்றாவது மறுப்பை மட்டும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வீசியபோது கரையில் இருந்த எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. அந்தப் பேரிழப்புக்குப் பிறகே, 2019இல், செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் ஜெமினி கருவி வந்தது. முகத்துவார ஆழமும் அப்படியே படகுக்குப் போக வேண்டும். ஆழம் குறித்த அளவைவிடக் குறைந்த அன்றே தூர்வாரும் பணி தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். முதல் அளவீட்டை மே மாதத்தில், மழைக்கு முன்பே எடுத்துவிடலாம்.