கான்பூர் குப்பைமேடும் ஒரு டைகர் மாத்தும்

2012 அக்டோபர் 8. தில்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்தில் இந்திய விமானப் படையின் எண்பதாம் ஆண்டு விழா. ஜெட் விமானங்கள் வானத்தைக் கிழித்துப் போன அதே நாளில், இரட்டை அடுக்கு இறக்கையும் திறந்த இருக்கைகளும் கொண்ட ஒரு சிறு விமானமும் மெல்ல ஊர்ந்து பறந்தது. எச்.யு. 512 என்ற எண்ணைத் தாங்கிய டைகர் மாத் அது. இந்திய விமானிகளின் ஒரு தலைமுறையே பறத்தலின் அரிச்சுவடியைக் கற்ற வகை. பார்வையாளர்கள் நெகிழ்ந்தார்கள், செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. மகிழ்ச்சிக்கு நடுவே பெரிதாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்த விமானத்தை மறுபடி பறக்கவைத்த பட்டறை இந்தியாவில் இல்லை, பிரிட்டனில் இருந்தது.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று கடந்து போகலாம். ஆனால் அதற்கு 64 ஆண்டுகள் முன்பு இதே நாடு, குப்பையில் எறியப்பட்டிருந்த நான்கு எந்திரக் குண்டுவீச்சு விமானங்களை அள்ளி எடுத்துப் பறக்கவைத்தது. அதைச் செய்தவர்கள் பெங்களூரின் தொழிலாளர்கள். அரை டன் எடையுள்ள மரமும் துணியுமான விமானத்தை எழுப்ப அயல்நாட்டுக் கை தேவைப்பட்டது எப்படி என்ற கேள்வி வரலாற்று மாணவருக்கு எழத்தான் வேண்டும்.

முதலில் டைகர் மாத். 1931 அக்டோபரில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. இறக்கைகளின் விரிவு ஏறத்தாழ 9 மீட்டர். எந்திரத்தின் திறன் 130 குதிரைத்திறன். மூல வடிவில் பிரேக் கிடையாது. வாலின் கீழ் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு சறுக்குக் கட்டை. தானாகக் கிளப்பும் கருவியும் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொபெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இயங்கிய தொடக்கநிலைப் பயிற்சிப் பள்ளிகளில் இந்திய இளைஞர்கள் இதில்தான் பயின்றார்கள். போர் முடிந்தபின் பல டைகர் மாத்கள் ஃபிளையிங் கிளப்புகளுக்குச் சென்றன. பின்னர் ஒவ்வொன்றாகக் கொட்டகைகளின் மூலையில் ஒதுங்கின.

ஓடாமல் நிற்கும் விமானம் அப்படியே இருக்கும் என்று நினைப்பது பிழை. பறக்கும்போது தேய்வதைவிட நிற்கும்போது அது வேகமாகச் சாகிறது. இறக்கையின் முதுகெலும்பான நெடுஞ்சட்டங்கள் ஸ்புரூஸ் மரத்தால் ஆனவை. பழைய மர விமானங்களின் மூட்டுகள் பலவற்றை ஒட்டியது பால்புரதத்திலிருந்து காய்ச்சிய கேசீன் பசை. உலர்ந்த இடத்தில் அது பல பத்தாண்டுகள் நிற்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை அதைத் தின்னும். ஆண்டுதோறும் பருவமழை வந்து போகும் நாட்டில், தகரக் கொட்டகைக்குள் அந்த மூட்டின் கதி என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உடற்பகுதியின் எஃகுக் குழாய்கள் வெளியே வண்ணம் மாறாமல் இருக்கும். உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். இறக்கைக்குள் எலி கூடு கட்டும். அதன் சிறுநீர் உலோகப் பூட்டுகளை அரிக்கும். காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைக்கும். கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். வேகம் தெரியாமல் தரையிறங்க முயலும் விமானிக்கு அது வேடிக்கை அன்று.

எந்திரத்தில் இன்னொரு சிக்கல். டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எந்திரத்தில் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குகின்றன. விமானியின் பார்வையை மறைக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. நின்றுகொண்டிருக்கும்போது மசகெண்ணெய் கீழிறங்கிச் சிலிண்டர் தலைகளில் தேங்கும். அதை அறியாதவர் அப்படியே கிளப்பினால், அமுங்க மறுக்கும் எண்ணெய் மேல் பிஸ்டன் மோதி, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே மின்பொறியை அணைத்துவைத்துப் புரொபெல்லரைக் கையால் மெல்லச் சுற்றி, எங்காவது தடுக்கிறதா என்று உள்ளங்கையால் உணர வேண்டும். மேக்னெட்டோவின் கம்பிச்சுருள்களில் உள்ள பழைய காப்புப் பூச்சு ஈரத்தால் கெட்டிருந்தால், எந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும். சூடேறியபின், பெரும்பாலும் மேலெழுந்தபிறகு, நின்றுபோகும். தரையில் நடத்தும் சிறு சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது.

எனவே இத்தகைய விமானத்தை மீட்பது என்றால் துடைத்து, எண்ணெயிட்டு, கிளப்புவதன்று. துணி முழுவதையும் உரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் கத்திமுனையால் சோதிக்க வேண்டும். நெடுஞ்சட்டத்தில் மயிரிழைக் கோடாகத் தென்படும் அழுத்தப் பிளவு ஒன்று இருந்தாலும் அந்தச் சட்டம் விறகுக்குத்தான். பிறகு லினன் துணியைப் போர்த்தி, மெழுகு நூலால் ஒவ்வொரு விலாச்சட்டத்தோடும் குறித்த இடைவெளியில் முடிச்சிட்டுத் தைத்து, டோப் என்னும் பூச்சை அடுக்கடுக்காகப் பூசி இறுக்க வேண்டும். இறுதியில் இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை முறுக்கிக் கோணங்களைச் சரிசெய்ய வேண்டும். இந்த வேலைக்கென்றே ரிக்கர் என்றொரு தொழிலாளி இருந்தார். ஒரு கம்பி கூடுதலாக இறுகினால் விமானம் ஒருபக்கம் சாய்ந்தே பறக்கும். அளவுகள் கையேட்டில் உண்டு. ஆனால் துணி எப்போது போதுமான அளவு இறுகிவிட்டது என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் காது கையேட்டில் இல்லை.

கையறிவு மட்டும் போதும் என்று சொல்வதும் சரியாகாது. 2013 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், தெற்கு ஸ்டிராட்புரோக் தீவுக்கு அருகே ஒரு டைகர் மாத் வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தது. அதிலிருந்த இருவரும் இறந்தனர். கீழிறக்கைகளை உடற்பகுதியோடு பிணைக்கும் குறுக்குத் தண்டுகள் இரண்டும் ஒடிந்திருந்ததை அந்நாட்டுப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. மரைப் பகுதியில் நெடுநாளாகவே களைப்பு விரிசல் வளர்ந்திருந்தது. அவை மூல உற்பத்தியாளர் செய்தவையல்ல. பின்னாளில் முறையான அனுமதியோடு வேறிடத்தில் தயாரான மாற்றுப் பாகங்கள். புதிய பாகம், பழையதைவிடப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. எந்தப் பாகம் எங்கே, எந்த உலோகத்தில், யாரால் செய்யப்பட்டது, எத்தனை மணி நேரம் பறந்தது என்ற பதிவேடு தொலைந்த விமானத்தில் மரத்தையும் துணியையும் மாற்றிவிடலாம். நம்பிக்கையை மாற்றிவைக்க முடியாது.

இனி கான்பூர். போரின் முடிவில் அங்கே பிரிட்டிஷ் விமானப் படையின் 322ஆம் பராமரிப்புப் பிரிவில் ஏராளமான பி-24 லிபரேட்டர் விமானங்கள் வந்து குவிந்தன. அவை அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் பயன்படாதபடி அழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திருப்பி எடுத்துச் செல்ல அமெரிக்காவுக்கு ஆர்வமில்லை. ஆகவே அழிக்கத் தொடங்கினார்கள்: கருவிகள் நொறுக்கப்பட்டன, எந்திரங்களில் மணல் கொட்டப்பட்டது, வண்டிகளை விட்டு உடற்பகுதிகள் இடிக்கப்பட்டன என்றெல்லாம் சொல்லப்படுகிறது. மழையும் வெயிலும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

1948இல் புதிய நாட்டிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. இந்நிலையில்தான் கான்பூர்க் குப்பைமேட்டின் மீது கண் விழுந்தது. பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆட்கள் அங்கே சென்றார்கள். ஒன்றில் உடைந்த பாகத்தை இன்னொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தி, ஒரே ஒரு பயணத்துக்குத் தாங்கும் அளவுக்கு ஒவ்வொரு விமானத்தையும் தேற்றினார்கள். அந்த நிலையிலேயே அதை எழுப்பி, ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்குக் கொண்டுவந்தவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. ஒன்றல்ல, இரண்டல்ல, இப்படி மீட்கப்பட்டவை 42. பெங்களூரில் அவை முழுமையாகப் பிரித்துச் சீராக்கப்பட்டன. 1948 நவம்பரில் 5ஆம் படையணி லிபரேட்டர்களோடு உருவானது. கடல் கண்காணிப்புப் பணியில் 6ஆம் படையணி அவற்றை 1968 இறுதிவரை பறக்கவிட்டது.

இதை வீரக் கதையாகச் சொல்வது வழக்கம். முன்ஷியின் துணிவைக் குறைத்து மதிப்பிட யாராலும் முடியாது. ஆனால் துணிவைக் காட்டிலும் உற்றுநோக்க வேண்டியது வேறொன்று. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க விமானப் படையின் பழுதுநீக்கும் கூடமாக இயங்கியது. டக்கோட்டாக்கள் வந்தன, பெல்லந்தூர் ஏரியில் இறங்கிய கேட்டலினா பறக்கும் படகுகளும் வந்தன. இந்த இரண்டையும் இயக்கியது பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1830 வகை எந்திரம். லிபரேட்டரின் நான்கு எந்திரங்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கான்பூரில் மணல் படிந்து கிடந்த எந்திரத்தைப் பார்த்தபோது பெங்களூர்த் தொழிலாளிக்கு அது புதிரன்று. நேற்றுவரை பிரித்துப் பூட்டிய பழக்கப்பட்ட பொருள். உலகம் வியந்த மீட்பின் உட்கரு இந்தச் சாதாரணமான உண்மைதான்.

அதே அளவுகோலை டைகர் மாத்துக்கு வைத்துப் பார்த்தால் விடை துலங்குகிறது. துணி போர்த்தும் கலை இந்தியாவில் திடீரென்று அறுந்துவிடவில்லை. 1951இல் பறந்த எச்.டி.-2 முழு உலோக விமானம். டைகர் மாத்தின் பயிற்சிப் பணியை அது எடுத்துக்கொண்டது. ஆனால் 1958இல் வந்த புஷ்பக், அதன் வழிவந்த கிருஷக் ஆகியவை துணி போர்த்தியவையே. ஃபிளையிங் கிளப்புகளின் கொட்டகைகளில் டோப்பின் நெடி இன்னும் சில பத்தாண்டுகள் வீசியது. 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில், ஜே.ஆர்.டி. டாட்டா தம் 1932ஆம் ஆண்டு அஞ்சல் பயணத்தின் பொன்விழாவாகக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே ஓட்டி வந்தது ஒரு லெப்பர்ட் மாத்தை. அதுவும் 1930களின் மர விமானமே. அதைப் பறக்கும் தகுதியோடு வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அப்போது இருந்தார்கள்.

அதன் பிறகான முப்பது ஆண்டுகளில் அவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்களுக்குப் பின் அந்த வேலையைக் கற்க எவருக்கும் காரணம் இல்லாமற்போயிற்று. பிரிட்டனில் நிலை வேறு. அங்கே 1975இலேயே மாத் விமானங்களின் உரிமையாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். வரைபடங்கள் காக்கப்பட்டன, பாகங்களின் ஆயுள் பற்றிய அறிவிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன, வார இறுதிகளில் பறப்பவர்கள் இருந்ததால் தையற்காரரும் ரிக்கரும் பிழைத்தார்கள். அங்கேயும் அரசு இதைச் செய்யவில்லை, பொழுதுபோக்கு செய்தது. இந்தியாவில் தனியார் சிறு விமானம் வைத்திருப்பது பெருஞ்செல்வரின் காரியமாகவே நின்றுவிட்டதால் அத்தகைய பொழுதுபோக்குக்கு இடமே உண்டாகவில்லை. 2018இல் விமானப் படைக்கு வந்த டக்கோட்டாவும் பிரிட்டனில்தான் சீராக்கப்பட்டது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதல் சீக்கியப் படையணியைச் சுமந்துசென்ற விமானத்தின் எண்ணான வி.பி. 905 அதற்குச் சூட்டப்பட்டது. பெங்களூரின் கைகள் ஒருகாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிய விமானம் அந்த டக்கோட்டா.

ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். 1948இல் நடந்தது போர்க்கால அவசரம். இன்றைய பாதுகாப்பு விதிகள் அத்தகைய பயணங்களை அனுமதிக்கா, அனுமதிக்கவும் கூடாது. குயின்ஸ்லாந்து விபத்தை அறிந்த எவரும், முன்ஷி செய்ததை மறுபடி செய்யச் சொல்ல மாட்டார். பழக்கமுள்ள பட்டறையைத் தேடி 2012இன் டைகர் மாத்தை அனுப்பியது பொறுப்பான முடிவு. அந்தப் பட்டறை இந்தியாவில் இல்லாமற்போனது மட்டுமே கேள்விக்குரியது.

லிபரேட்டர்களின் கதை 1968இல் முடியவில்லை. ஓய்வுபெற்றவற்றுள் ஒன்று 1969இல் அமெரிக்காவின் டூசான் நகருக்குச் சென்று அங்குள்ள பீமா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்னொன்று 1974இல் பிரிட்டனுக்குச் சென்றது. ராயல் விமானப் படை அருங்காட்சியகத்திடம் உள்ளது. 44-44052 என்ற வரிசை எண் கொண்ட மூன்றாவதன் வரலாறு சற்று நீளம். கான்பூரில் கைவிடப்பட்டு, பெங்களூரில் உயிர்பெற்று, இருபது ஆண்டு பணியாற்றியபின் அது இந்தியாவிலேயே மீண்டும் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1981இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர் அதை வாங்கிக் கொண்டுபோனார். அவரிடமிருந்து 1984இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கியது. 1989இல் அது மறுபடி வானேறியது, அமெரிக்காவில்.