வெப்பத்தை ஆளும் கை: வீட்டு வெப்பநிலைநிறுத்தியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் அடிப்படையாகக் கொண்டே வரலாறு நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்தது. பின்னர் நிலவுடைமை, உற்பத்தி முறை, வர்க்க உறவு என்பன வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்றன. ஆயினும் ஒரு வீட்டின் சுவரில் பொருத்தப்பட்டுள்ள சிறு கருவியொன்றும் வரலாற்றுச் சான்றாகலாம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போதியளவு வேரூன்றவில்லை. குளிர்நாட்டு வீடுகளில் அறையின் வெப்பநிலையை ஒரே அளவில் பேணும் வெப்பநிலைநிறுத்தி அத்தகைய கருவிகளுள் ஒன்றாகும். நமது நாட்டில் வீட்டை வெப்பமூட்ட வேண்டிய தேவை மிகக் குறைவே. எனினும், மின்னழுத்தியின் சிறு விளக்கு தானாகவே அணைந்து மீண்டும் எரிவதைக் கண்ட எவரும் இக்கருவியின் தொழிற்பாட்டைக் கண்டவரே ஆவர்.

இக்கருவி எவ்வாறு தோன்றிற்று என்பதை ஆராயுமிடத்து வேறொரு வினாவும் உடன் எழுகின்றது. ஓர் அறை எவ்வளவு வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? உலையருகே நிற்கும் பணியாளா, வீட்டுத் தலைவனா, அரசா, அன்றி இவர்கள் அனைவருக்கும் அப்பாற்பட்ட வேறொரு சக்தியா? வெப்பநிலைநிறுத்தியின் வரலாறு இவ்வதிகாரம் கைமாறிய வரலாறேயாகும் என்பதை எடுத்துக்காட்ட இக்கட்டுரை முற்படுகின்றது.

குஞ்சு பொரித்த உலை

தன் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் உலையை முதலில் அமைத்தவராகக் கருதப்படுபவர் ஒல்லாந்தரான கொர்னேலிஸ் ட்ரெபெல் (1572 - 1633) ஆவார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்சின் ஆதரவைப் பெற்றிருந்த இவர், தேம்ஸ் நதியில் நீர்மூழ்கிக் கலமொன்றைச் செலுத்திக் காட்டியமைக்காகப் பெரிதும் அறியப்பட்டவர். இரசவாதச் சோதனைகளுக்கும் முட்டைகளை அடைகாப்பதற்கும் வெப்பம் ஒரே சீராக இருத்தல் அவசியமாயிற்று. ட்ரெபெல் தமது உலைக்குள் மதுசாரம் நிரம்பிய கலமொன்றை வைத்தார். வெப்பம் மிகும்போது மதுசாரம் விரிந்து ஒரு குழாயிலிருந்த இரசத்தை மேலே தள்ளும். இரசத்தின் மீது நின்ற கோல் உயர்ந்து, நெம்புகோலின் வழியாகப் புகைபோக்கியின் மூடியை அடைக்கும். காற்றோட்டம் குறைய நெருப்புத் தணியும். தணிந்தபின் மூடி மீண்டும் திறக்கும். விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்தும் இத்தத்துவத்தைப் பிற்காலத்தார் பின்னூட்டல் என அழைத்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இம்முயற்சி பிரான்சில் தொடர்ந்தது. பொன்மான் என்பவர் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களைக் கொண்டு உலையின் காற்று வழியைக் கட்டுப்படுத்திக் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழிலை நடத்தினார். மனிதர் தமது வசதிக்கெனச் சீரான வெப்பத்தைப் பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே கோழி முட்டைகள் அதனைப் பெற்றுவிட்டன என்பது சுவையான முரணாகும். காரணம் வெளிப்படை. முட்டைக்கு இன்னின்ன பாகை வெப்பம் வேண்டும் என்பதில் விவாதத்திற்கு இடமில்லை. மனிதர் விடயத்திலோ அதுவே முழுப் பிரச்சினையுமாகும்.

உலோகமும் பெயரும்

இதே காலத்தில் இங்கிலாந்துக் கடிகாரக் கலைஞர் ஜோன் ஹரிசன், வெப்ப மாற்றத்தால் கடிகாரத்தின் ஓட்டம் பிழைபடுவதைத் தவிர்ப்பதற்காகப் பித்தளையையும் உருக்கையும் இணைத்து ஈருலோகக் கீலத்தை உருவாக்கினார். வெப்பமேறும்போது பித்தளை உருக்கைவிட அதிகமாக விரிவதால் கீலம் ஒரு பக்கமாக வளையும். கடலில் நெட்டாங்கைக் கணிப்பதற்கென எழுந்த இக்கண்டுபிடிப்பு பின்னர் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

இடையில் நிற்பவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த இரசாயன அறிஞர் அன்ட்ரூ யூர் (1778 - 1857). 1830 இல் ஈருலோகக் கருவிக்குக் காப்புரிமை பெற்ற இவரே அதற்கு வெப்பத்தை நிலைநிறுத்துவது எனப் பொருள்படும் கிரேக்க அடிச் சொல்லான 'தேமோஸ்ரற்' என்னும் பெயரையும் வழங்கினார். இதே யூர் 1835 இல் தொழிற்சாலை முறையைப் போற்றி நூலொன்றை எழுதியவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொழிற்சாலையை ஒரு மாபெரும் தானியங்கியாகவும் தொழிலாளரை அதற்குக் கீழ்ப்பட்ட உறுப்புக்களாகவும் அவர் வருணித்தார். கார்ல் மாக்ஸ் தமது 'மூலதனம்' நூலில் அவரைக் கடுமையாக விமரிசித்தார். மனிதத் தலையீடின்றித் தன்னைத் தானே ஆளும் கருவிக்குப் பெயரிட்டவரும், தொழிலாளியின் விருப்பத்திற்கு இடமளிக்காத ஆலையைப் புகழ்ந்தவரும் ஒருவரேயென்பது தற்செயலானதெனக் கொள்ளத்தக்கதன்று.

வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு

யூரின் கருத்து வீடுகளை அடைய மேலும் அரை நூற்றாண்டு சென்றது. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றிற் கற்பித்த பேராசிரியர் வொறன் ஜோன்சன் (1847 - 1911) அன்றாட இடையூறொன்றினால் சலிப்புற்றிருந்தார். கட்டடப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாக வந்து வெப்பமானியைப் பார்த்து, பின்னர் நிலவறைக்குச் சென்று காற்றுத் தடுப்புத் தகடுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாடம் தடைப்பட்டது, மாணவரோ குளிரில் நடுங்கினர் அல்லது வெப்பத்தில் சோர்ந்தனர். ஜோன்சன் அமைத்த கருவி அறையின் வெப்பநிலை மாறியதும் நிலவறையில் மின்மணியை ஒலிக்கச் செய்தது. 1883 இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885 இல் மில்வோக்கி நகரில் அவரது நிறுவனம் தோன்றியது.

இம்மணியின் பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். முன்னர் பணியாளர் தமது கண்ணாலும் உடலாலும் அறையை அறிந்து முடிவெடுத்தார். இப்போது முடிவு அறையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அவர் அதனை நிறைவேற்றுபவராக மட்டும் ஆனார்.

அடுத்த படியை மினியாப்பொலிஸ் நகரில் வாழ்ந்த அல்பேட் பற்ஸ் எடுத்து வைத்தார். 1885 - 86 காலப்பகுதியில் அவர் உருவாக்கிய கருவியில் அறை குளிர்ந்ததும் மின்சுற்று மூடப்படும். மோட்டரின் தடை விலகி அதன் கைப்பிடி அரைச் சுற்றுச் சுழலும். அதனுடன் பிணைந்த சங்கிலி உலையின் காற்றுத் தகட்டைத் திறக்கும். வேண்டிய வெப்பம் வந்ததும் மற்றை அரைச் சுற்றினால் தகடு மூடிக்கொள்ளும். ஆக, மணியைக் கேட்டு எழுந்து செல்லும் பணியாளரும் தேவையற்றவரானார். பற்ஸின் நிறுவனம் கைமாறி வளர்ந்து, 1927 இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்துடன் இணைந்தது.

எனினும் உழைப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. கருவி காற்றை ஆண்டதேயன்றி நிலக்கரியை ஆளவில்லை. கரியை அள்ளிப் போடவும் சாம்பலைச் சுமந்து கொட்டவும் கைகள் வேண்டப்பட்டன. எண்ணெயும் எரிவாயுவும் உலைகளுக்கு வந்த பின்னரே சுவரில் இட்ட கட்டளை எவரது கையையும் நாடாது நிறைவேறலாயிற்று.

சுவரில் ஓர் இடம்

இக்கருவியின் மிகப் புகழ் பெற்ற வடிவம் 1953 இல் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட வட்ட வடிவக் கருவியாகும். அதனை வடிவமைத்தவர் ஹென்றி ட்ரைபஸ். நீள்சதுரக் கருவி சுவரில் சற்றுச் சரிந்தாலும் கண்ணை உறுத்தும். வட்டமோ சரிந்தாலும் சரிவு தெரியாது. ஆயினும் உள்ளேயிருந்த பொறி சரிவைப் பொறுக்காதது. சுருளாக அமைந்த ஈருலோகக் கீலத்தின் முனையில் சில கிராம் இரசம் கொண்ட கண்ணாடிக் குமிழ் இருந்தது. அறை குளிரச் சுருள் அசைந்து குமிழைச் சாய்க்கும். இரசம் ஓடி இரு மின்முனைகளை இணைக்கும். உலை எரியத் தொடங்கும். எனவே மட்டம் பார்த்துப் பொருத்தாத கருவி காட்டும் எண் பொய்யாகும்.

பொருத்தும் முறை எளிதே. உலையின் மின்னிணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். 24 வோல்ற்று மின்னைக் கொணரும் மெல்லிய கம்பிகளில், வெப்பமூட்டலுக்கு மட்டுமாயின் இரண்டு போதும். வழக்கில் சிவப்பு மின்வழங்கலுக்கும் வெள்ளை வெப்பத்திற்கும் உரியன. கம்பி வரும் துளையை அடைத்தல் அவசியம். இன்றேல் சுவருக்குள் உலவும் குளிர்காற்று கருவியை ஏமாற்றும். உட்சுவரில், நிலத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், வெயில், விளக்கு, கதவு, புகைபோக்கி ஆகியவற்றுக்கு அப்பால் அது அமைதல் வேண்டும்.

இவ்விதிகள் யாவும் ஓருண்மையைச் சுட்டுகின்றன. கருவி, தான் நிற்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே அறியும். வரவேற்பறையில் அது பொருத்தப்பட்டால் வரவேற்பறையே முழு வீட்டிற்கும் பேசுகின்றது. பின்னறையிற் படுத்திருக்கும் முதியவரின் குளிரை அது அறியாது. ஆகவே இடத்தைத் தெரிவு செய்பவர், தாம் அறியாமலேயே, வீட்டில் யாருடைய உடல் கணக்கில் எடுக்கப்படும் என்பதையும் தெரிவு செய்கின்றார்.

பயன்பாட்டிலும் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. 1986 இல் வில்லெற் கெம்ரன் என்னும் மானிடவியலாளர் மிச்சிகன் மாநில மக்களை ஆராய்ந்து, இக்கருவி பற்றி இரு வேறு விளக்கங்கள் வழங்குவதைக் காட்டினார். சிலர் அதனை உரிய அளவு வந்ததும் உலையை நிறுத்தும் ஆளியாகக் கருதினர். வேறு சிலரோ அதனை நீர்க்குழாயின் திருகைப் போல எண்ணி, கூடுதலாகத் திருப்பினால் விரைவில் வெப்பம் வருமென நம்பினர். சாதாரண உலை ஒரே வேகத்தில் எரிவதால் இரண்டாவது கருத்துப் பிழையானது. 80 பாகைக்குத் திருப்பினாலும் அறை 70 பாகையை அடையும் நேரம் மாறாது. ஆயினும் இதனைப் பாமரத்தனமென ஒதுக்குதல் முறையன்று. அடுப்பையும் நீர்க்குழாயையும் ஆண்ட அனுபவத்திலிருந்து பிறந்த அறிவு அது.

அரசின் குரல்

1973 இன் எண்ணெய் நெருக்கடி இத்தனியுரிமையைப் பொது விவகாரமாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் சனாதிபதி நிக்சன், பகல் வேளையில் நாட்டின் சராசரி 68 பாகை பரனைற்றாக அமையும் வண்ணம் ஒவ்வொரு வீடும் குறைந்தது ஆறு பாகை குறைக்க வேண்டுமெனக் கேட்டார். 1977 பெப்ரவரியில் கம்பளிச் சட்டை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றிய சனாதிபதி காட்டர், பகலில் 65, இரவில் 55 பாகையெனக் கேட்டுக்கொண்டார். 1979 இல் வேண்டுகோள் சட்டமாயிற்று: வீடல்லாத கட்டடங்கள் குளிர்காலத்தில் 65 பாகைக்கு மேல் வெப்பமூட்டப்படவோ, கோடையில் 78 பாகைக்குக் கீழ் குளிரூட்டப்படவோ கூடாதெனப்பட்டது. 1981 பெப்ரவரியில் றேகன் ஆட்சி இதனை நீக்கியது. ஆறு பாகை என்னும் சிறு எண்ணின் பின்னால் மத்திய கிழக்கின் எண்ணெய் வயல்கள் இருந்தமையை அமெரிக்கக் குடும்பம் முதன்முறையாக உணர்ந்தது.

யாருடைய உடல்?

அலுவலகக் கட்டடங்களில் வேறொரு அதிகாரம் தொழிற்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த பாங்கர் 1970 இல் வெளியிட்ட நூலின் சூத்திரங்கள், பெரும்பாலோருக்கு இதமான வெப்பநிலையைக் கணிக்கும் நியமங்களுக்கு அடிப்படையாயின. இந்நியமங்களில் வழங்கிய உடல்வெப்ப அளவு சராசரி ஆணொருவனுடையதென்றும், ஓய்வு நிலையில் பெண்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அது 35 வீதம் வரை மிகையாகக் கணிக்கக்கூடுமென்றும் 2015 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. குளிரூட்டிய அலுவலகத்தில் சால்வை போர்த்தியிருந்த பெண்ணின் முறைப்பாடு அதனால் புதுப்பொருள் பெற்றது.

இதற்கிடையில் கருவியும் மாறியது. நச்சுத்தன்மை காரணமாக அமெரிக்க மாநிலங்கள் பல இரசக் கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தன. நேரங்குறித்து இயங்கும் இலத்திரனியல் கருவிகள் வந்தன. 2011 இல் வெளிவந்த 'நெஸ்ற்' வீட்டாரின் பழக்கத்தைத் தானே கற்றுக்கொள்வதாகக் கூறியது. ட்ரெபெலின் மூடி வெப்பத்தை மட்டும் கவனித்தது. இப்புதிய கருவியோ வீட்டில் யார் இருக்கிறார் என்பதையும் கவனிக்கின்றது.

முடிவுரை

புகைபோக்கி மூடியிலிருந்து மின்மணிக்கும், மணியிலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து இரசக் குமிழுக்கும் வந்த இப்பயணத்தை மனித உழைப்பின் விடுதலையெனக் கூறுவது வழக்கம். அதில் உண்மையுண்டு, குளிர்ந்த விடியலில் நிலவறைக்கு இறங்கிய எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆனால் கருவி தானாக இயங்குகின்றதேயன்றித் தானாக எண்ணைத் தெரிவதில்லை. அந்த எண்ணை யாரோ வைத்திருக்கின்றனர். ஜோன்சனின் பணியாளரிடம் "அறை குளிர்கிறது" என்று ஒரு மாணவன் நேரே சொல்லியிருக்கலாம். சுவரிடம் அவ்வாறு சொல்ல இயலாது. தானியங்கும் பொருள்கள் பெருகிவரும் காலத்தில், அவற்றுக்கு எண் வைத்த கை எது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமையாகும்.